சலீம் அலி: குருவி ஹலாலா என்று கேட்ட சிறுவன்

மாசி மாதம் பிறந்து பனி விலகத் தொடங்கும் இந்த நாட்களில் நம் நீர்நிலைகளில் பெரிய பயண ஏற்பாடு ஒன்று நடக்கிறது. ஊசுட்டேரியிலும், மரக்காணம் பக்கத்துக் கழுவெளியிலும், தெற்கே கோடியக்கரைச் சதுப்பிலும் குளிர்காலத்தைக் கழித்த பறவைகள் வயிறு நிறையத் தின்று உடம்பில் கொழுப்பைச் சேர்த்துக்கொள்கின்றன. பங்குனி, சித்திரைக்குள் அவற்றில் பெரும்பாலானவை வடக்கே கிளம்பிவிடும். வரித்தலை வாத்து இமயமலையைத் தாண்டி திபெத்துக்கும் மங்கோலியாவுக்கும் போகும். சூறைக்குருவி மத்திய ஆசியாவின் மரமில்லாப் புல்வெளிகளுக்குப் போகும். கோழி முட்டையின் பாதி எடைகூட இருக்காத கொசு உள்ளான், சைபீரியாவின் வடகோடிக்குப் போய் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும்.

எந்தப் பறவை எங்கிருந்து வருகிறது, எங்கே திரும்புகிறது என்பது இன்று இந்த அளவுக்கு நமக்குத் தெரிந்திருக்கிறது என்றால், அதற்கு உழைத்தவர்களில் முதன்மையானவர் டாக்டர் சலீம் அலி. நம் பிள்ளைகளுக்கு இவர் பெயர் பள்ளி வினாடி வினாவில் வரும் ஒரு பதில். காலாப்பட்டில் இருக்கும் புதுவைப் பல்கலைக்கழகத்தின் சூழலியல் புலத்துக்கு இவர் பெயரைத்தான் சூட்டியிருக்கிறார்கள். கோவையை அடுத்த ஆனைகட்டியில் 1990-ல் மத்திய அரசு தொடங்கிய பறவையியல் மையத்துக்கும் இவர் பெயர்தான். பெயர் தெரிந்த அளவுக்கு வாழ்க்கை தெரியாது. அந்த வாழ்க்கையில் பெற்றோர்களும், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் ஆலிம்களும் எடுத்துக்கொள்ள வேண்டியது நிறைய இருக்கிறது.

அனாதைச் சிறுவன்

சலீம் அலி 1896 நவம்பர் 12 அன்று பம்பாயில், சுலைமானி போஹ்ரா முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தார். நிறைய பிள்ளைகள் பிறந்த வீட்டில் இவர் கடைக்குட்டி. ஒரு வயதில் தந்தை மொய்ஸுத்தீன் இறந்தார். மூன்று வயதில் தாய் ஜீனத்துன்னிசாவும் இறந்தார். பிள்ளைகளை எடுத்து வளர்த்தவர் தாய்மாமா அமீருத்தீன் தய்யிப்ஜி. அவருக்கும் மனைவி ஹமீதா பேகத்துக்கும் சொந்தப் பிள்ளை இல்லை. அனாதையை அரவணைப்பவருக்கு நபி (ஸல்) அவர்கள் சொன்ன நன்மாராயம் நமக்குத் தெரியும். இந்தத் தம்பதியின் அரவணைப்பு உலகத்துக்கே பயன் தரும் ஒரு மனிதரை உருவாக்கப் போகிறது என்று அன்று யாருக்கும் தெரிந்திருக்காது.

அமீருத்தீன் வேட்டைப் பிரியர். அக்காலத்து வசதியான குடும்பங்களில் அது சாதாரணம். சிறுவன் சலீமின் கையிலும் ஒரு சின்ன ஏர்கன் இருந்தது. சிட்டுக்குருவிகளைச் சுடுவது விளையாட்டு. குருவிக்கறி ஹலாலானது என்பது அந்த வயதிலேயே அவருக்குத் தெரியும்.

பத்து வயது இருக்கும்போது ஒரு நாள் அவர் சுட்ட குருவியின் தொண்டையில் மஞ்சள் திட்டு ஒன்று இருந்தது. மற்றதெல்லாம் வழக்கமான சிட்டுக்குருவி போலத்தான். ஆனால் இந்த மஞ்சள் அவர் மனதில் சந்தேகத்தைக் கிளப்பியது. இது வேறு வகையாக இருந்தால், ஒரு முஸ்லிம் இதைச் சாப்பிடலாமா? குருவியை எடுத்துக்கொண்டு மாமாவிடம் போனார்.

ஃபிக்ஹு படித்த யாரும் இந்தக் கேள்விக்கு ஒரே வரியில் விடை சொல்லிவிடலாம். கூரிய நகங்களால் இரையைப் பிடித்துக் கிழிக்கும் பறவைகளுக்குத் தடை உண்டு. தானியம் பொறுக்கும் குருவிக்குத் தடை இல்லை. மஞ்சள் திட்டால் சட்டம் மாறாது. சாப்பிடலாம், போ என்று மாமா சொல்லியிருந்தால் அந்தப் பிற்பகலோடு விஷயம் முடிந்திருக்கும்.

மாமா அப்படிச் சொல்லவில்லை. அந்தக் குருவி என்ன வகை என்று அவருக்கும் தெரியவில்லை. தெரியாததைத் தெரிந்ததுபோல் காட்டாமல், தெரிந்தவரிடம் அனுப்பினார். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தில் அவர் உறுப்பினர். அதன் கௌரவச் செயலாளர் மில்லார்டு என்ற ஆங்கிலேயருக்கு ஒரு அறிமுகக் கடிதம் எழுதிக் கொடுத்து, செத்த குருவியோடு சிறுவனை அனுப்பி வைத்தார்.

வெள்ளைக்காரர்களின் அலுவலகத்துக்குள் பயந்துகொண்டே நுழைந்த சிறுவனை மில்லார்டு அன்போடு வரவேற்றார். குருவியைப் பார்த்ததும் மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று சொன்னார். அதோடு விடவில்லை. அலமாரிகளைத் திறந்து, பாடம் செய்து வைத்திருந்த பறவைகளை ஒவ்வொன்றாகக் காட்டினார். படிக்கப் புத்தகம் கொடுத்தார். பறவைகளின் தோலைப் பாடம் செய்யவும், குறிப்பெழுதி வைக்கவும் பிறகு அங்கேயே பயிற்சி கிடைத்தது. ஹலாலா ஹராமா என்று தொடங்கிய ஒரு கேள்வி எண்பது ஆண்டுகள் நீண்ட தேடலாக மாறியது.

மதரஸாவில் படித்தவர்களுக்கு இந்த இடத்தில் ஒரு பெயர் நினைவுக்கு வரும். ஹிஜ்ரி 808-ல் காலமான கெய்ரோவின் ஷாஃபிஈ மார்க்க அறிஞர் அத்தமீரி, உயிரினங்களுக்கென்றே ஹயாத்துல் ஹயவான் என்ற பெரிய நூலை எழுதினார். ஒவ்வொரு பிராணியின் பெயர், குணம், வாழும் முறை எல்லாவற்றையும் சொல்லி, அதை உண்ணலாமா கூடாதா என்ற சட்டத்தையும் அதே இடத்தில் எழுதியிருப்பார். சட்டம் சொல்ல வேண்டுமானால் முதலில் அந்த உயிரைத் தெரிந்திருக்க வேண்டும் என்பது நம் முன்னோர்களின் முறை.

பட்டம் இல்லை, வேலை இல்லை

சலீம் அலி படிப்பில் சூரர் அல்ல. தீராத தலைவலி அவர் பள்ளிப் படிப்பையே குலைத்தது. 1913-ல் மெட்ரிகுலேஷன் தேறினார். கல்லூரியில் முதல் ஆண்டே தடுமாறி, குடும்பத்தின் சுரங்க வியாபாரத்தைப் பார்க்கப் பர்மாவிலுள்ள தவோய்க்குப் போனார். அங்கே வியாபாரத்தைவிடக் காடும் பறவைகளும்தான் அவரைப் பிடித்துக்கொண்டன. 1917-ல் திரும்பி வந்து வணிகப் படிப்பும், பாதிரியார் பிளாட்டரின் தூண்டுதலால் விலங்கியலும் படித்தார். 1918 டிசம்பரில் தெஹ்மினா பேகத்தை நிக்காஹ் செய்துகொண்டார்.

இந்திய விலங்கியல் ஆய்வுத் துறையில் பறவையியலாளர் பதவி ஒன்று வந்தபோது, முறையான பல்கலைக்கழகப் பட்டம் இல்லாததால் அது அவருக்குக் கிடைக்கவில்லை. 1926-ல் பம்பாய் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் அருங்காட்சியகத்தில் பார்வையாளர்களுக்கு விளக்கம் சொல்லும் வேலை, மாதம் 350 ரூபாய் சம்பளத்தில் கிடைத்தது. இரண்டு ஆண்டில், இன்னும் முறையாகக் கற்க வேண்டும் என்று விடுப்பு எடுத்துக்கொண்டு ஜெர்மனிக்குப் போனார். பெர்லின் அருங்காட்சியகத்தின் எர்வின் ஸ்ட்ரெஸ்மான் அவரை மாணவராக ஏற்றுக்கொண்டார். அவரைத்தான் சலீம் அலி கடைசிவரை தம் ஆசானாக மதித்தார். பறவையின் காலில் வளையம் மாட்டி அதன் பயணத்தை அறியும் முறையையும் ஜெர்மனியில்தான் நேரில் கற்றார்.

1930-ல் ஊர் திரும்பியபோது, நிதி இல்லை என்று அவருடைய பதவியையே எடுத்துவிட்டிருந்தார்கள். வேலையில்லாமல் தம்பதி இருவரும் பம்பாய்க்குத் தெற்கே கிஹிம் என்ற கடலோரக் கிராமத்துக்குக் குடிபோனார்கள். வீட்டுப் பக்கத்து மரத்தில் தூக்கணாங்குருவிகள் கூடு கட்டியிருந்தன. வேறு வேலை இல்லாத அந்த மனிதர் மழைக்காலம் முழுவதும் அந்தக் கூடுகளையே கவனித்தார்.

அவர் கண்டுபிடித்தது இது. ஆண் குருவி பாதிக் கூடு கட்டி நிறுத்துகிறது. பெண் குருவி வந்து உள்ளே வெளியே சோதித்துப் பார்க்கிறது. பிடித்திருந்தால் தங்கிவிடும், ஆண் மீதியைக் கட்டி முடிக்கும். பிடிக்காவிட்டால் போய்விடும். ஒரு கூடு முடிந்து பெண் முட்டையிட்டதும், ஆண் அடுத்த கூட்டைத் தொடங்கி இன்னொரு துணையைத் தேடும். வயல்வெளியில் எல்லோரும் தினமும் பார்த்த பறவைதான். ஆனால் பொறுமையாக உட்கார்ந்து பார்த்து எழுதியவர் அவர். அந்தக் கட்டுரை அறிஞர்கள் மத்தியில் அவர் பெயரை நிலைநிறுத்தியது.

கூடாரத்தில் ஒரு குடும்பம்

பிறகு அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். சமஸ்தானங்களுக்கு எழுதி, பயணச் செலவை மட்டும் கொடுங்கள், சம்பளம் வேண்டாம், உங்கள் பகுதிப் பறவைகளைக் கணக்கெடுத்துத் தருகிறேன் என்றார். ஹைதராபாத், கொச்சி, திருவிதாங்கூர், போபால், குவாலியர் என்று பல பகுதிகளுக்கு அழைப்பு வந்தது. மாட்டுவண்டியில் சாமான்களை ஏற்றி, காட்டுக்குள் கூடாரம் அடித்து மாதக்கணக்கில் வேலை. வசதியில் வளர்ந்த தெஹ்மினா அம்மையார் அந்தக் கூடாரங்களில் முகாமை நிர்வகித்து, கணவரோடு சேர்ந்து பறவைகளைக் கவனித்தார். வருமானம் நிச்சயமில்லாத கணவரைக் குறை சொல்லாமல், அவர் விரும்பிய வேலையைச் செய்ய விட்டவர் அவர்தான்.

1939-ல் ஒரு சிறிய அறுவை சிகிச்சைக்குப் பிறகு தெஹ்மினா காலமானார். பிள்ளைகள் இல்லை. சலீம் அலி மறுமணம் செய்யவில்லை. சகோதரி கம்மூவும் அவர் கணவரும் தங்கள் வீட்டில் அவரை வைத்துக்கொண்டார்கள். சிறுவயதில் மாமா வீடு, முதுமையில் அக்கா வீடு. சொந்த பந்தத்தைப் பேணும் குடும்பங்கள் இல்லாவிட்டால் இந்த அறிவு நமக்குக் கிடைத்திருக்காது.

மனைவி இறந்து இரண்டு ஆண்டில், 1941-ல், இந்தியப் பறவைகளைப் பற்றிய அவருடைய முதல் கையேடு வெளிவந்தது. படத்தைப் பார்த்துச் சாதாரண மனிதரும் பறவையை அடையாளம் காணலாம் என்ற எளிமையே அதன் வெற்றி. நேரு தாம் சிறையில் இருந்தபோது மகள் இந்திராவுக்கு அனுப்பிய நூல்களில் இதுவும் ஒன்று. பின்னர் அமெரிக்க அறிஞர் தில்லன் ரிப்ளியோடு சேர்ந்து, இந்தியா பாகிஸ்தான் பறவைகளைப் பற்றிப் பத்துத் தொகுதிகள் எழுதினார். 1968-ல் முதல் தொகுதி வந்தது, 1974-ல் பத்தாவது முடிந்தது. அப்போது அவர் 78 வயதை எட்டிக்கொண்டிருந்தார். நாடு பிரிந்து கால் நூற்றாண்டு ஆகியும், எல்லைக்கு இருபுறமும் ஒரே பறவைகள்தான் என்பதை அந்த நூலின் பெயரே சொன்னது.

நீர்நிலைகளும் புல்வெளிகளும்

பறவையைக் காப்பாற்ற வேண்டுமானால் அது வாழும் இடத்தைக் காப்பாற்ற வேண்டும் என்பதை அவர் வாழ்நாள் முழுவதும் வலியுறுத்தினார்.

ராஜஸ்தானின் பரத்பூர் சதுப்பு நிலம் ஒரு காலத்தில் மகாராஜாக்களின் வேட்டைத் தலம். 1938 நவம்பரில் வைஸ்ராய் லின்லித்கோவின் வேட்டைக் குழு ஒரே நாளில் 4,273 பறவைகளைச் சுட்டு வீழ்த்தியது. சுதந்திரத்துக்குப் பின் அந்தத் தண்ணீரை வடித்து விவசாய நிலமாக்க வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தது. சலீம் அலி நேரு வரை போய் வாதாடினார். இன்று அது உலகப் பாரம்பரியச் சின்னம்.

அதே பரத்பூரில் ஒரு விஷயத்தில் அவர் கணிப்பு தவறியது. எருமைகள் மேய்வதைத் தடுத்தால் பறவைகளுக்கு நல்லது என்று அவர் கருதினார். 1982-ல் மேய்ச்சல் தடுக்கப்பட்டது. ஊர் மக்கள் எதிர்த்தார்கள், துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. அவர் சார்ந்த கழகமே நடத்திய நீண்ட ஆய்வு, எருமை மேயாததால் புல் மண்டி நீர்ப்பரப்பு சுருங்குகிறது, பறவைக்கும் அதனால் நஷ்டம்தான் என்று காட்டியது. மண்ணோடு வாழும் ஏழைகளின் அனுபவத்தையும் அறிவாகக் கொள்ள வேண்டும் என்பதற்கு இது கசப்பான பாடம்.

மேற்கே கட்ச் பாலைவனத்தின் உப்புச் சதுப்பில் பூநாரைகள் லட்சக்கணக்கில் கூடிச் சேற்றால் கூடு கட்டும் இடத்தை 1945-ல் நேரில் போய்ப் பதிவு செய்தார். வறண்ட புல்வெளிகளில் வாழும் கானமயிலைத் தேசியப் பறவையாக்க வேண்டும் என்று அவர் வாதாடினார். 1963-ல் மயில் தேர்வானது. மரம் இல்லாத நிலம் வீண் நிலம் என்று நினைத்துப் புல்வெளிகளை அழித்ததன் விலையைக் கானமயில் கொடுத்தது. இன்று நாடு முழுவதும் 150-க்கும் குறைவாகவே எஞ்சியுள்ளது.

நம் பக்கத்துக்கு வருவோம். 1962-ல் சலீம் அலி கோடியக்கரையையும் வேதாரண்யம் சதுப்பையும் ஆராய்ந்தார். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் உப்புச் சதுப்பு, நடுவே வெளிமான் மேயும் புல்வெளி என்று அமைந்த அந்த முனையின் அருமையை அவர் எடுத்துச் சொன்னார். 1967-ல் அது சரணாலயமாக அறிவிக்கப்பட்டது.

அந்த ஆண்டுகளில் நாடெங்கும் பறவைகளுக்கு வளையம் மாட்டும் பெரும் பணி நடந்தது. அதற்குப் பணம் கிடைத்த காரணம் விசித்திரமானது. 1957-ல் கர்நாடகத்தின் கியாசனூர் காட்டில் புதிய காய்ச்சல் ஒன்று பரவியது. உண்ணிகள் மூலம் பரவும் அந்தக் கிருமி ரஷ்யப் பகுதியின் கிருமி ஒன்றை ஒத்திருந்ததால், வலசைப் பறவைகள் கொண்டு வந்திருக்குமோ என்று சந்தேகித்து உலகச் சுகாதார நிறுவனம் நிதி கொடுத்தது. பறவைகள் மீதான சந்தேகம் நிரூபணமாகவில்லை. ஆனால் ஆயிரக்கணக்கான பறவைகளின் கால்களில் பம்பாய்க் கழகத்தின் பெயர் பொறித்த வளையங்கள் ஏறின. அவற்றில் சில பல ஆயிரம் கிலோமீட்டர் தாண்டி, அன்றைய சோவியத் நாட்டில் கண்டெடுக்கப்பட்டுத் தகவல் வந்தது. வலசைப் பாதைகள் அப்படித்தான் துலங்கின.

இந்தப் பணியில் அடிபடாமல் பறவை பிடிக்கும் கை யாருடையது தெரியுமா? பீகாரின் மீர்ஷிகார் என்னும் முஸ்லிம் குருவிக்காரர்களுடையது. தலைமுறை தலைமுறையாகப் பறவையைப் பிடித்து விற்றுப் பிழைத்தவர்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் அவர்களில் உண்டு. வலை விரிப்பதிலும் குரல் கொடுத்து அழைப்பதிலும் அவர்களுக்கு இணை கிடையாது. விற்பதற்குப் பிடித்த அதே கைகள், வளையம் மாட்டித் திரும்பப் பறக்கவிடுவதற்குப் பிடித்தன.

மார்க்கத்தோடு அவர் உறவு

சலீம் அலியை முஸ்லிம் சாதனையாளர் என்று மேடைகளில் நாம் பெருமையாகச் சொல்கிறோம். உண்மையையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அவர் தொழுகை, நோன்பு போன்ற அமல்களில் ஊன்றியவராக இருக்கவில்லை. ஏன் என்பதை 1985-ல் வெளிவந்த தன்வரலாற்றில் அவரே மறைக்காமல் எழுதியிருக்கிறார். சிறுவயதில் குர்ஆனை ஓதக் கற்றுக் கொடுத்தார்கள், பொருள் சொல்லித் தரவில்லை. பக்தியை வெளியே காட்டிக்கொண்டு உள்ளே வேறாக இருந்த பெரியவர்களைப் பார்த்து அவருக்கு வெறுப்பு வந்தது. அவர் முடிவை நாம் ஏற்கவில்லை. அவர் கணக்கு அல்லாஹ்விடம் இருக்கிறது. ஆனால் இந்த இரண்டு காரணங்களும் இன்றைக்கும் நம் மஹல்லாக்களில் இல்லையா என்று கேட்டுக்கொள்ளும் கடமை நமக்கு இருக்கிறது.

எண்ணிப் பாருங்கள். பறக்கும் பறவைகள் இறக்கையை விரிப்பதையும் மடிப்பதையும் பார்க்கவில்லையா என்று சூரத்துல் முல்க் கேட்கிறது. இரவில் ஓதச் சொல்லிப் பிள்ளைகளுக்கு நாம் மனப்பாடம் செய்விக்கும் சூரா அது. பறவைகளும் உங்களைப் போன்ற சமுதாயங்களே என்கிறது சூரத்துல் அன்ஆம். ஒவ்வொரு பறவையும் தன் தஸ்பீஹை அறிந்திருக்கிறது என்கிறது சூரத்துந் நூர். சுலைமான் (அலை) அவர்களின் படையில் ஹுத்ஹுத் எனும் கொண்டலாத்தி, அரசருக்கே தெரியாத செய்தியைக் கொண்டு வந்தது. இவ்வளவும் அந்தச் சிறுவன் ஓதிய முஸ்ஹஃபிலேயே இருந்தது. பறவை மீது உயிராக இருந்த பிள்ளைக்கு அதை யாரும் எடுத்துச் சொல்லவில்லை. ஏர்கன்னோடு வந்த கேள்விக்கு ஒரு ஆங்கிலேயரின் அலுவலகத்தில் அலமாரிகள் திறந்தன. குர்ஆன் பாடத்தில் அப்படி ஒன்று திறக்கவில்லை.

கடைசி ஆண்டுகள்

அவருக்குப் பத்மபூஷண் 1958-லும், பத்மவிபூஷண் 1976-லும் கிடைத்தன. 1976-ல் உலக அளவிலான பால் கெட்டி விருதோடு வந்த 50,000 டாலரைத் தமக்கென்று வைத்துக்கொள்ளாமல் இயற்கைப் பாதுகாப்பு நிதியாக்கினார். கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கை அணையிலிருந்து காக்கக் குரல் கொடுத்தார். 1985-ல் மாநிலங்களவை நியமன உறுப்பினரானார். 1987 ஜூன் 20 அன்று, 90 வயதில், புற்றுநோயால் பம்பாயில் காலமானார்.

நாம் செய்ய வேண்டியது

வைத்திக்குப்பம் கடலோரத்தில் படகுகளுக்கு மேலே ஆலாக்கள் வட்டமடிப்பதைப் பார்த்து மீன் எங்கே இருக்கிறது என்று சொல்லும் மீனவர்கள் உண்டு. நகருக்கு மிக அருகே ஊசுட்டேரி இருக்கிறது. அதன் புதுவைப் பகுதி 2008-ல் பறவைகள் சரணாலயமானது. கழுவெளி 2021-ல் ஆனது. நாகூர், நாகப்பட்டினம் போகும் குடும்பங்களுக்குக் கோடியக்கரை இன்னும் ஒன்றரை மணி நேரப் பயணம்தான். மாசி முடிவதற்குள் ஒரு நாள், ஃபஜ்ர் தொழுதுவிட்டுப் பிள்ளைகளை அழைத்துப் போகலாம். மக்தப் பிள்ளைகளை உஸ்தாத்மார்கள் அழைத்துப் போய், சூரத்துல் முல்க்கின் அந்த ஆயத்துக்கு ஏரிக்கரையிலேயே பொருள் சொல்லலாம். செலவு ஒரு வேன் வாடகை.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். ஏரிப்பகுதிகளில் கொக்கு, நாரை, உள்ளான்களைப் பிடித்து இறைச்சிக்கு விற்பது சில ஊர்களில் மறைவாக நடக்கிறது. ஹலால்தானே என்று வாங்குபவர்களும் உண்டு. 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இதைத் தடுக்கிறது. உண்ண வேறு இறைச்சி தாராளமாகக் கிடைக்கும் ஊரில், சட்டத்தை மீறி, குறைந்துவரும் ஒரு படைப்பை அழிப்பதற்கு ஹலால் என்ற சொல்லைக் கேடயமாக்கக் கூடாது. குஞ்சுகளை எடுத்துவிட்டதால் தவித்துச் சுற்றிய தாய்ப் பறவையைக் கண்டு, அவற்றைத் திருப்பி வைக்கச் சொன்னவர்கள் நம் நபி (ஸல்) அவர்கள். காரணமில்லாமல் கொல்லப்பட்ட ஒரு குருவிகூட மறுமையில் முறையிடும் என்று எச்சரித்தவர்களும் அவர்களே.

உங்கள் வீட்டுப் பிள்ளை நாளை ஒரு இறகையோ, பூச்சியையோ, கூழாங்கல்லையோ கையில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்டு வரலாம். தொலைபேசியிலிருந்து கண்ணை எடுத்து அதைக் கையில் வாங்கிப் பாருங்கள். தெரிந்தால் சொல்லுங்கள். தெரியாவிட்டால் தெரிந்தவரிடம் அழைத்துப் போங்கள். அமீருத்தீன் மாமா செய்தது அவ்வளவுதான்.

படைப்புகளைப் பார்த்துப் படைத்தவனை அறியும் கண்களையும், கேட்டு வரும் பிள்ளைகளை விரட்டாத பொறுமையையும் அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.